பி குரூப் மச்சான்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். மச்சான் இறந்த செய்தி வந்தபோது நான் இடப்பக்க மீசைக்கு மட்டும் டை அடித்திருந்தேன். வலப்பக்கம் வெள்ளையாகவே செம்மண்டலத்திலிருந்து நெல்லிக்குப்பம் ஓடினேன். மாலை போட வந்த உங்களில் பாதிப் பேர் என் மூஞ்சியைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டீர்கள். கவனித்தேன்.

கரும்பு லாரி ஓட்டிய மச்சான், என் மனைவியின் அண்ணன். மாரடைப்பில் போனார். ஏழு வருஷத்துக்கு முன் எனக்குக் கிட்னி கொடுத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். டீக்கடையில் வேறு மாதிரி பேசுகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போது என் இரண்டு கிட்னியும் நின்றுபோய், வாரம் மூன்று நாள் சிதம்பரத்தில் டயாலிசிஸ். மனைவிக்குச் சர்க்கரை, கொடுக்க முடியாது. மச்சான் முன்வந்தார். ஆனால் அவர் பி குரூப், நான் ஓ.

"செய்யலாம். ஆனா உங்க ரத்தத்துல அவரு குரூப்ப எதிர்க்கிற பொருள் இருக்கு. முதல்ல அத வடிகட்டி எடுக்கணும்" என்றார் டாக்டர்.

"முப்பது வருஷமா மாப்ள என்ன எதிர்த்துதான் பேசறாரு. நல்லா வடிகட்டுங்க டாக்டர்" என்றார் மச்சான்.

கூடப்பிறந்தவர் இல்லை என்பதால் கமிட்டி அனுமதி தேவைப்பட்டது. கிட்னியை விற்கிறாரா என்று விசாரித்தார்கள்.

"இவரு உங்களுக்கு ஏதாவது கொடுத்தாரா?"

மச்சானுக்குப் பொய் வராது. "ஒரு ஆடு கொடுத்தாரு சார்."

அதிகாரி பேனாவை மூடினார். எனக்கு உயிர் அங்கேயே பாதி போயிற்று. என் மனைவி பதறினாள்: "ஐயோ சார், அது எங்கண்ணன் பொண்ணு சடங்குக்கு அத்தை சீரா நாங்க வெச்சது!"

"ஆமா சார். திருப்பி நானும் ஏதாவது செய்யணும்ல?" என்றார் மச்சான்.

நானும் ஆடும் ஜோடியாக நிற்கிற சடங்கு ஆல்பத்தைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் அனுமதி கிடைத்தது.

ஆபரேஷன் மேஜையிலேயே புதுக் கிட்னியிலிருந்து மூத்திரம் வந்துவிட்டதாம். மறுநாள் மச்சான் போனில் கேட்டார்: "மாப்ள, என் வண்டி எப்டி ஓடுது?"

"மைலேஜ் ஜாஸ்தி மச்சான்."

"சிரிக்க வைக்காத, தையல் இழுக்குது!"

அவருடைய லாரி மகனுக்குப் போயிருக்கிறது. எனக்கு, வலப்பக்க அடிவயிற்றில் அவருடைய கிட்னி. ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. படத்திறப்பில் இதைத்தான் பேச எழுந்தேன். "நம்ம மச்சான்" என்று ஆரம்பித்ததும் அவசரமாக மூத்திரத்துக்கு ஒதுங்க வேண்டியதாகிவிட்டது. திரும்பி வந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.