வண்டிக்கு வைத்த எண்ணெய்

எங்கள் வீட்டில் ஓடாத மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. தாத்தா வாங்கியது. அவர் போன பிறகு ஒரு தடவை காவேரித் தண்ணீர் ஸ்ரீரங்கத்துத் தெருக்களுக்குள் வந்தபோது, கொல்லைக் கொட்டகையில் அந்த வண்டி நாலு நாள் பாதிச் சக்கரம் வரை தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் தள்ளிப் பார்த்தார்கள். நகரவில்லை. இரண்டு சக்கரத்திலும் ப்ரேக் அப்படியே இறுகிவிட்டது. நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்து வாயாலேயே மதுரை வரை ஓட்டுவேன். நகராத வண்டி என்பதால் அம்மா திட்டுவதில்லை.

அத்தை கல்யாணத்தில்தான் அந்த வண்டியின் பேச்சு மறுபடி வந்தது. அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. மாப்பிள்ளை லால்குடிக்காரர். அவர் வீட்டார் ஒரு வண்டி கேட்டார்கள். புதுசு வாங்க எங்களுக்கு வழியில்லை. "எங்கப்பா வண்டி இருக்கு. தலைதீபாவளிக்கு வரும்போது ஓடுற மாதிரி செஞ்சு கையில குடுக்கிறேன்" என்று அப்பா சபையில் சொல்லிவிட்டார். துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் அவர் ஃபிட்டர். தெருவில் யார் ஸ்கூட்டர் நின்றாலும் அப்பாவிடம்தான் வரும். அதனால் எல்லோரும் நம்பினார்கள். அத்தையின் மாமியார் மட்டும் "பார்ப்போம்" என்றாராம். அந்த ஒரு வார்த்தை அப்பாவைத் தூங்கவிடவில்லை.

புரட்டாசி முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கொட்டகையில்தான் இருந்தார். எஞ்சின் சீக்கிரமே கிளம்பிவிட்டது, ப்ரேக்தான் பாடுபடுத்தியது. சக்கரத்தின் நடுவில் சட்டி மாதிரி ஒரு டிரம். அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூ. ப்ரேக்கை மிதித்தால் ஒரு சின்ன இரும்புத் தண்டு திரும்பி, பிறைகளை விரித்து டிரம்மோடு உரச வைக்கும். அந்த உரசலில்தான் சக்கரம் நிற்கும். அந்தத் தண்டுதான் துருவேறி, தான் இருந்த ஓட்டையோடு ஒன்றாகியிருந்தது. அப்பா அதற்குச் சூடு காட்டுவார், மண்ணெண்ணெய் விடுவார், மரச் சுத்தியால் தட்டுவார். மறுபடி மண்ணெண்ணெய் விட்டுத் துணி சுற்றி வைப்பார். ஒரு நாள் தண்டு நூலளவு திரும்பியது. அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா கரண்டியோடு ஓடி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கா கூப்பிட்டீங்க? அங்க குழம்பு தீயுது" என்றாள். அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் மாமாவும் அத்தையும் வந்து இறங்கினார்கள். எனக்கு ஏழு வயது. புது மனிதர்கள் முன்னால் எனக்கு வாய் திறக்காது. கதவுக்குப் பின்னால் நின்று மாமாவின் செருப்பை மட்டும் பார்த்தேன். பிறகு கொல்லைக்கு ஓடிவிட்டேன். அங்கே நாலு ஷூவையும் அப்பா உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, செய்தித்தாளில் வரிசையாக வைத்திருந்தார். துருவெல்லாம் போய்ச் சுத்தமாக இருந்தன. விடிந்ததும் மாட்டிவிடலாம் என்று வைத்திருந்தார்.

அடுப்படியில் அம்மா மிளகு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். விடிகாலையில் எல்லோருக்கும் எண்ணெய்க் குளியல். "எண்ணெய் வச்சாத்தான் மூட்டுப் பிடிக்காது" என்பது அவள் எப்போதும் சொல்வது. மூட்டுப் பிடித்து வருஷக்கணக்கில் கிடந்தது எங்கள் வீட்டில் வண்டி ஒன்றுதான். அதற்கு யார் எண்ணெய் வைப்பார்கள்? யாரிடமும் கேட்க எனக்குக் கூச்சம். ஒரு சின்னக் கிண்ணத்தில் எண்ணெய் எடுத்துக்கொண்டு போனேன். அம்மா உச்சியில் மூன்று தடவை வைப்பாளே, அது போல ஒவ்வொரு பிறைக்கும் மூன்று சொட்டு வைத்தேன். அப்புறம் நன்றாகத் தேய்த்தேன். பிறையின் வெளிவளைவில் சொரசொரவென்று ஒட்டியிருந்த பழுப்புப் பட்டை எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருந்தது. ஊற வைத்து, பழைய துணியால் துடைத்து, கடைசியில் ஒவ்வொன்றின் உள்வளைவிலும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு தூங்கினேன்.

விடிவதற்குள் அப்பா தலையில் எண்ணெய் வடிய, இடுப்பில் துண்டோடு, மங்கலான பல்பு வெளிச்சத்தில் சக்கரங்களை மாட்டினார். மாமா குளித்து வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். அன்றைக்கு வீடே நல்லெண்ணெய் வாசம். தெருக்கோடி வரை மெதுவாக ஓட்டிப் போய்த் திரும்பி, வாசலில் நிறுத்தினார். வண்டி நின்றது. மாமா சாவியை வாங்கிக்கொண்டு, "பரவால்லயே மச்சான்" என்றார். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

மலைக்கோட்டைப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். அத்தை பட்டுப்புடவையில் பின்னால். மாமா என்னைத் தூக்கி முன்னால் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார வைத்தார். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. காவேரிப் பாலத்தில் காற்று அடித்தது. "பாப்பா, பயமா இருக்கா?" என்று அத்தை கேட்டாள். தலையை ஆட்டினேன்.

பாலம் இறங்கும்போது முன்னால் போன பஸ் நின்றது. மாமாவின் கால் முழுக்க இறங்கியதைப் பார்த்தேன். கையும் இறுகியது. வண்டி அதே வேகத்தில் போனது. "ஏய்... ஏய்..." என்று மாமா வண்டியிடமே சொன்னார். பஸ்ஸின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசி நேரத்தில் அவர் இடதுபக்கம் ஒடித்தார். ஓரத்தில் வீடு கட்டக் கொட்டியிருந்த ஆற்றுமணல்.

வாய் நிறைய மணலோடு நான் எழுந்தபோது சத்தமே இல்லை. சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மாமாவின் நெற்றியிலிருந்து ரத்தம் புதுச்சட்டைக்கு இறங்கியது. அத்தை ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் கை மணிக்கட்டுக்கு மேலே, கை மடங்காத ஓர் இடத்தில் மடங்கியிருந்தது. சுற்றிலும் உடைந்த வளையல். அந்தக் கையைப் பார்க்காமல் அவள் "பாப்பா எங்க?" என்று கேட்டாள். நான் எதிரில்தான் நின்றேன். அவள் முந்தானையைப் பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு மத்தியானம் வீடு வந்தோம். வண்டியை யாரோ தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். மாமா உட்காரவில்லை.

"வெண்ணெயை மிதிச்ச மாதிரி போச்சு. வண்டி குடுக்க மனசில்லன்னா சொல்லியிருக்கலாமே மச்சான். கொல்றதுக்கா குடுப்பாங்க?"

"என்னங்க, அண்ணன் வேணும்னேவா செஞ்சிருக்கும்?" என்றாள் அத்தை.

"நீ சும்மா இரு."

அப்பா பின்சக்கரத்தைக் கழற்றினார். ஒரு ஷூவை எடுத்து முகர்ந்தார். வெளிச்சத்தில் திருப்பினார். உள்வளைவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு கட்டைவிரலால் அங்கே எதையோ அழுத்தித் துடைத்துவிட்டு, துண்டில் கையைத் தேய்த்தார்.

"எண்ணெய் தேய்ச்ச கையோட மாட்டிட்டேன் மாப்பிள்ளை. தப்பு என்னுது."

"ஃபிட்டராம்" என்றார் மாமா.

சாயங்கால பஸ்ஸில் அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வண்டியும் வேண்டாம், இந்த வீட்டு உறவும் வேண்டாம் என்றார். அப்பா இரண்டு தடவை லால்குடிக்குப் போய், வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்பினார். பொங்கலுக்கு அத்தை வரவில்லை. ஆடிக்கும் வரவில்லை. தெருக்காரர்களும் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு மாம்பழச்சாலைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

எனக்கு அப்பாமேல் கோபமாக இருந்தது. அவரே ஒப்புக்கொண்டாரே. அவருடைய எண்ணெய்க் கையால்தானே அத்தையின் கை ஒடிந்தது. நான் நல்லபடியாக எண்ணெய் வைத்துப் பொட்டும் வைத்ததால்தான் மூன்று பேரும் உயிரோடு வந்தோம் என்றுகூட நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவளிடம், "எங்கப்பாவுக்கு வேலை சரியா வராது" என்று சொன்னேன்.

அடுத்த தீபாவளிக்கும் அத்தை வரவில்லை. விடிகாலையில் மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து அம்மாவின் கையிலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். "சீயக்காய நீ கரைச்சு எடுத்துட்டு வா" என்று அவளை உள்ளே அனுப்பினார். என் உச்சியில் மூன்று தடவை வைத்தார். சூடு பறக்கத் தேய்த்தார். பிறகு கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"இந்த வருஷம் வண்டிக்கு வேணாம்மா. அதுக்கு ஒத்துக்கல."

"சரிப்பா" என்றேன். நான் யாரிடமும் சொல்லாத ஒன்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. எண்ணெய் நெற்றியிலிருந்து இறங்கியது. கண்ணில் படாமல் இருக்க, கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.