தீபாவளியன்று ஊற்றிய தண்ணீர்

அந்தத் தொட்டி இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கைப்பிடி அளவுப் பெரணிச் செடி, இலையெல்லாம் காய்ந்து, தொட்டால் அப்பளமாய் நொறுங்கியது. அதற்கு மேலே சுவரில் ஒரு செக் ஷீட், ஒரு கட்டம் விடாமல் டிக். எல்லா டிக்கும் நான் போட்டது. லைன் லீடர் அக்கா என்மேல் வைத்திருந்த நம்பிக்கையை நான் தொலைத்தது அந்தத் தொட்டியடியில்தான்.

ஒரகடத்தில் பிரேக் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், பீஸ்களை அளந்து பார்க்கும் அறையில் எனக்கு வேலை. பிள்ளைப்பாக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். வெள்ளை லைட்டும் இரும்பும் தவிர அந்த அறையில் வேறொன்றும் கிடையாது. “நாள் பூரா இரும்பையே பாத்துக்கினு இருந்தா கண்ணு அவிஞ்சிடும்டி” என்று வாலாஜாபாத்திலிருந்து அந்தச் செடியைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தார் அக்கா. ஆடிட்டில் யாரும் கேள்வி கேட்கக் கூடாதென்று மெஷினுக்கு ஒட்டுவதுபோல் அதற்கும் ஒரு நம்பர் ஒட்டி, செக் ஷீட்டும் மாட்டிவிட்டார். நாங்கள் சிரித்து மாய்ந்தோம்.

செல்லம் என்றால் அப்படியொரு செல்லம். போர் தண்ணீர் உப்பு, இலை நுனி கருகிவிடும். அதனால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பெயிண்ட் டப்பாவில் பிடித்துவைத்து ஊற்றுவார். மண்ணை விரலால் தொட்டுப் பார்ப்பார். ஈரம் இருந்தால் இலைக்கு மட்டும் கொஞ்சம் தெளிப்பார். பழுத்த இலையை அடியோடு கிள்ளிவிடுவார். வெயில் பட்டால் தொட்டியை நகர்த்துவார்.

கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக அக்கா ஆறு வாரம் லீவில் போனார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “வேற யாராண்டயும் சொல்லலடி, உன்னாண்டதான் உட்டுட்டுப் போறேன்” என்றார். முதல் இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் பார்த்தேன். பிறகு ஓவர்டைம் வந்தது, அசதி வந்தது, நாளைக்கு ஊற்றலாம் என்ற நினைப்பும் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாரம் முழுக்க டிக் போட்டுவிடுவேன். செடிதானே, யார் கேட்கப்போகிறார்கள்? வெட்கம்கெட்ட வேலைதான், இப்போது சொல்லி என்ன!

அக்கா திரும்பி வந்த அன்று முதலில் செடியைப் பார்த்தார். அப்புறம் ஷீட்டைப் பார்த்தார். விரலால் கட்டம் கட்டமாய்த் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இன்னாடி இது? தீபாவளிக்குக் கம்பெனி கேட்டே பூட்டிக்கினு இருந்துச்சே. யாருடி வந்து தண்ணி ஊத்துனது?”

பக்கத்திலிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்தேன். அக்காவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். திடீரென்று முகம் மாறி, என் மேஜைமேல் இருந்த, பீஸ்களை அளந்து டிக் போடும் ஷீட்டைக் கையில் எடுத்தார். அதிலும் என் டிக்குகள்தான்.

“அப்போ இதுவும் இப்படித்தானா?”

“ஐயோ அக்கா! எங்கம்மா சத்தியமா இல்ல. பிரேக்ல போயி நான் அப்படிப் பண்ணுவனா?”

அது உண்மை. ஒரு பீஸைக்கூட நான் அளக்காமல் விட்டதில்லை. அக்கா, அனுப்புவதற்கு வைத்திருந்த பெட்டிகளைத் தன் பக்கம் இழுக்கச் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு, மறு கையால் ஒவ்வொன்றாய் எடுத்து அளந்தார். குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பிய உடம்பு. “நான் எடுத்துத் தரேன்க்கா” என்று போனேன். “நீ தொடாத” என்றார்.

அந்தச் செடி பிழைத்துக்கொண்டது. அக்கா காய்ந்த இலைகளை ஒட்ட வெட்டிவிட்டு, தானே தண்ணீர் ஊற்றினார். ஒரு மாதத்துக்குள் சுருள் சுருளாய்த் தளிர் வந்தது. இன்று படப்பையில் என் வீட்டு ஜன்னலிலும் ஒரு பெரணி இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதற்குத் தண்ணீர் ஊற்றும்போது அன்றைய சாயங்காலம்தான் நினைவுக்கு வரும்.

அன்று சாயங்காலம் கடைசிப் பெட்டியும் அளந்து முடிந்தது. ஒரு பீஸில்கூடக் குறை இல்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“எல்லாம் சரியாத்தான கீது? நான் சொன்னேன்ல அக்கா?”

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

“சொன்னடி. நெசத்தத்தான் சொன்ன. என்னாலதான் நம்ப முடியல.”