பெண் பார்க்க வந்தவர்கள் தொட்ட சீட்டு

என்னைப் பெண் பார்க்க வல்லத்திலிருந்து வந்தவர்கள் என் முகத்தைவிடக் கிளாவர் ஏழு என்ற சீட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். அதற்குப் பாதிக் காரணம் நான், பாதிக் காரணம் என் அண்ணன். அண்ணனைக் கேட்டால் முழுக் காரணமும் நான்தான் என்பான்.

அப்போது நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பது பேச்சுக்கு. செஞ்சியில் பத்து பதினோரு வகுப்பு படித்த பெண்ணை யாரும் உட்கார விடமாட்டார்கள். தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் படிக்க நான், யார் மனுப் போட்டாலும் எழுத நான். ஊர் மனுவையெல்லாம் எழுதிக் கொடுத்தவளுக்குத் தன் மனு ஒன்று நகராமல் கிடந்தது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பம். நாலு பக்கம். எல்லாக் கட்டத்தையும் குண்டு குண்டாக நிரப்பிவிட்டேன். தகப்பனார் கையெழுத்து மட்டும் பாக்கி. கடைசித் தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது.

நைனா முடியாது என்று சொல்லவில்லை. கடைத்தெருவில் கயிறு, வாளி, முறம், லாந்தர் விற்கிறவர் அவர். இல்லாத சரக்கைக் கேட்டால்கூட "நாளைக்கு வருது" என்பாரே தவிர, இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. என்னிடமும் அதே பாணிதான்.

"போடறேன், கையெழுத்து எங்க ஓடிப்போவுது. மொதல்ல இதச் சொல்லு. வல்லத்துல ஒரு இடம் வந்திருக்குது, பனமலையில ஒரு இடம் வந்திருக்குது. எது வேணும்னு நீயே சொல்லு. நைனா கேக்காமயே முடிச்சிட்டாருன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாது பாரு."

பெண்ணிடமே விருப்பம் கேட்ட தகப்பன் என்று தெருவில் அவருக்கு நல்ல பெயர் கிடைத்தது. நான் வல்லம் என்றேன். வல்லத்துக்கு பஸ் அதிகம். கோபித்துக்கொண்டு திரும்பி வர வசதி.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் பட்டணத்துக் காலேஜிலிருந்து லீவுக்கு வந்தான். ஒரு சீட்டுக்கட்டும், வி.பி.பி. தபாலில் வரவழைத்த ஓர் இங்கிலீஷ் புத்தகமும் கொண்டுவந்தான். அடுத்தவர் மனத்திலிருப்பதைச் சொல்லும் வித்தைகள் அதில் இருந்தன. அண்ணன் கையில் சீட்டு நிற்காது. கலைக்கச் சொன்னால் பொரி இறைத்த மாதிரி இறைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் குனிந்து பொறுக்குவான். மூன்றாம் நாள் வெறுத்துப்போய்ப் புத்தகத்தை என்னிடம் எறிந்தான். அதில் கைவேலையே இல்லாத வித்தை ஒன்று இருந்தது. வாய்வேலை மட்டும். எனக்கென்றே அச்சடித்த மாதிரி இருந்தது.

வித்தை இதுதான். ஒரு சீட்டின் பெயரை முன்கூட்டியே எழுதி, கவரில் போட்டு ஒட்டி, எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட வேண்டும். பிறகு ஆறு சீட்டை முகம் தெரிய வரிசையாகப் பரப்பி, எதிரே இருப்பவரை மூன்றைத் தொடச் சொல்ல வேண்டும். நான் எழுதிய சீட்டு அந்த மூன்றில் இருந்தால், "சரி, நீங்க தொட்டத வெச்சிப்போம், மத்தது வேணாம்." இல்லாவிட்டால், "சரி, நீங்க தொட்டத ஓரமா வெச்சிடுவோம்." தொடச் சொல்வது வைத்துக்கொள்ளவா, தள்ளிவிடவா என்பதை முதலில் மூச்சுவிடக் கூடாது. இப்படி இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று முறை தொடவிட்டால் நான் எழுதிய சீட்டு மட்டும் மிஞ்சும். தொட்டவர், எல்லாம் தானே தேர்ந்தெடுத்ததாக நம்பிக்கொண்டிருப்பார். அவர் யோசிப்பதற்குள் நாம் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். வாயைக் குறை, வாயைக் குறை என்று கேட்டே வளர்ந்த எனக்கு, வாயையே மூலதனமாக வைத்து ஒரு கலை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

யாரும் ஆசைப்பட்டு எடுக்காத சீட்டாகப் பார்த்து எழுது, ஆச்சரியம் கூடும் என்று புத்தகம் சொன்னது. கிளாவர் ஏழைத் தேர்ந்தெடுத்தேன். ராஜா இல்லை, ராணி இல்லை, வெறும் கறுப்பாக ஏழு இலை. அதைவிட நாதியில்லாத சீட்டு கட்டில் கிடையாது.

அக்கம்பக்கத்தில் நாலு பெண்களிடம் செய்து பார்த்தேன். நாலு பேரும் வாயைப் பிளந்தார்கள். அம்மாவிடம் மட்டும் பலிக்கவில்லை. எதையாவது தொடு என்றால், "நீயே ஒண்ணு எடுத்துக் குடுடி, அடுப்புல வேல இருக்குது" என்று போய்விட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வல்லத்துக்காரர்கள் வந்தார்கள். பையன், அவனுடைய அம்மா, அப்பா, அப்பாவின் அக்கா. அந்த அத்தை வாயைத் திறந்தால் மற்ற மூவரும் மூடிக்கொண்டார்கள். அந்த வீட்டில் யார் சொல் செல்லும் என்று யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. கேசரி முடிந்து வாழைக்காய் பஜ்ஜி வந்ததும் அத்தை விசாரணையைத் தொடங்கினார்.

"பாட்டு வருமா?"

"வராதுங்க," என்றாள் அம்மா.

"கோலம்?"

"சுமாரா போடும்."

"அப்ப இன்னாதான் வரும் பொண்ணுக்கு?"

"சீட்டு வருங்க," என்றான் அண்ணன்.

அம்மா அவனைப் பார்த்த பார்வையில் பஜ்ஜி கருகியிருக்கும். ஆனால் பையனின் அப்பா நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார். "சீட்டா? முன்னூத்தி நாலு ஆடுமா?"

"ஆட்டம் இல்லீங்க, வித்த. நீங்க எந்தச் சீட்ட எடுப்பீங்கன்னு முன்னாடியே எழுதி வெச்சிடும்."

"சின்னப் பசங்க வெளையாட்டுங்க," என்று நைனா சிரித்து மழுப்பினார்.

"பண்ணட்டும், பாக்கலாம்," என்றார் அத்தை. அதற்குமேல் அப்பீல் இல்லை.

நான் உள்ளே போய் எழுதி, கவரை ஒட்டிக்கொண்டு வந்தேன். எல்லோர் கண்ணிலும் படுகிற இடமாகத் தேடினேன். கூடத்து நடுவில் தாம்பூலத் தட்டு இருந்தது; அதற்கு அடியில், முனை தெரிய, செருகினேன். பாயில் ஆறு சீட்டைப் பரப்பினேன். சிவப்பில் மூன்று: ஆர்ட்டின் ஆசு, ஆர்ட்டின் ஒன்பது, டைமன் ஐந்து. கறுப்பில் மூன்று: இஸ்பேட் ராஜா, இஸ்பேட் ராணி, நம்முடைய கிளாவர் ஏழு.

"மூணு சீட்டத் தொடுங்க," என்றேன் பையனிடம். பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா கணவரைப் பார்த்தார். கணவர் அக்காவைப் பார்த்தார். "பெரியவங்க இருக்கறப்ப நாங்க எப்படி," என்றார். மனசைப் படிக்கும் புத்தகம் எழுதிய வெள்ளைக்காரனுக்கு இப்படி ஒரு குடும்பம் உலகத்தில் இருப்பது தெரிந்திருக்காது.

அத்தை பாயில் உட்கார்ந்தார். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் எந்தப் பெண்பிள்ளை கறுப்பைத் தொடுவாள்? ஒவ்வொன்றாக மூன்று சிவப்பையும் தொட்டார்.

"சரிங்க, அத ஓரமா வெச்சிடுவோம்," என்றேன்.

அவர் புருவம் சற்று ஏறியது. நான் கவனிக்கவில்லை, என் வாய் ஓடிக்கொண்டிருந்தது. "இப்ப இருக்கறதுல ரெண்டத் தொடுங்க." அத்தை யோசித்து, ராஜாவையும் ராணியையும் சேர்த்துத் தொட்டார். புருஷன் பெண்சாதி மாதிரி ஜோடியாக இருந்தன அல்லவா.

"அதையும் ஓரமா வெச்சிடுவோம்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் கல்யாணம், விண்ணப்பம் எதுவும் என் நினைவில் இல்லை. கவரில் எழுதியது பலிக்க வேண்டும், அது ஒன்றுதான். பாயில் கிளாவர் ஏழு தனியாகக் கிடந்தது. கவரை எடுத்துப் பையனிடம் கொடுத்தேன். அவன் பிரித்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல உரக்க வாசித்தான்: "கிளாவர் ஏழு."

கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். பையனின் அப்பா வாயில் பஜ்ஜி அப்படியே நின்றது.

"இது எப்ப எழுதினது?" என்றார் அத்தை.

"நீங்க தொடறதுக்கு முன்னாடியே எழுதியாச்சுங்க," என்றேன் பெருமையாக.

"தாம்பூலத் தட்டுக்கு அடியில இருந்துச்சு."

"ஆமாங்க."

அத்தை விரல் விட்டு எண்ணினார். "மூணு செவப்பத் தொட்டேன், தள்ளிப் போச்சு. ராஜா ராணி ஜோடியத் தொட்டேன், அதுவும் போச்சு. ஒத்தக் கறுப்பு நின்னுச்சு, அதுவும் ஏழு. முன்னாடியே எழுதியும் இருக்குது. இதுக்கு மேல சாமி எப்படிதான் சொல்லும்?" எழுந்து முந்தானையை உதறினார். "வாங்க, பஸ்ஸுக்கு நேரமாவுது."

"ஐயோ, இது வெறும் வித்தைங்க," என்று அண்ணன் பின்னாலேயே ஓடினான். அத்தை திரும்பாமலே சொன்னார்: "வித்தையா இருந்தா நல்ல சீட்டுல்ல நிக்கணும்?"

அன்று சாயந்திரத்துக்குள் கடைத்தெரு முழுக்கக் கதை. மறுநாள் காலையில் கதை வளர்ந்து, கவரில் எழுத்து தானாகவே வந்தது என்று ஆகியிருந்தது. மேல்மலையனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் எங்கள் கடைக்கு வந்து, கிணறு எந்த மூலையில் வெட்டலாம் என்று உங்கள் பெண்ணைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றாராம். அம்மா என்னோடு பேசவில்லை.

எனக்கு இரண்டு பக்கமும் அடி. சாமிதான் வந்தது என்று தலையாட்டினால், பரிகாரம் என்று நாற்பத்தெட்டு நாள் கோயில் சுற்ற வைப்பார்கள், விண்ணப்பம் காலாவதி. வித்தைதான் என்று நிரூபித்தால், நைனா வல்லத்துக்குப் போய்ச் சமாதானம் பேசிவிடுவார். தாலி ஏறும், விண்ணப்பம் அப்போதும் காலாவதி. இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்தது நல்ல குணத்தால் அல்ல. நான் மெனக்கெட்டுச் செய்ததை ஊர் முழுக்கத் தூக்கிச் சாமிக்குக் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். கல்லாப் பெட்டிமேல் அதே ஆறு சீட்டையும் பரப்பி, கவரையும் வைத்தேன். "மூணத் தொடுங்க நைனா."

அவர் ராஜா, டைமன் ஐந்து, கிளாவர் ஏழு என்று கலந்து தொட்டார்.

"சரி, அத வெச்சிப்போம்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அன்னிக்கி ஓரமா வெச்சிடுவோம்ன."

"இப்ப இதுல ரெண்டத் தொடுங்க."

ராஜாவையும் ஐந்தையும் தொட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டினார். "இரு. இப்ப ஓரமா வெச்சிடுவோம்ன்னுவ. கவரப் பிரிக்காத. ஏழுதான."

நாலு பெண்களும் ஒரு குடும்பமும் கண்டுபிடிக்காததை இவர் ஒரே தடவையில் பிடித்துவிட்டார். எப்படி என்றேன்.

"எப்படியா? பழைய கயித்த விக்கிற வேலதான இது. மூணு கயித்தப் போடுவேன். வந்தவன் பழசத் தொட்டான்னு வெச்சிக்க, 'கைராசி, அதையே எடு'ம்பேன். புதுசத் தொட்டான்னா, 'அது மாட்டுக்கு ஆவும், கெணத்துக்கு ஆவாது, அப்படி வை'ம்பேன். பழசத்தான் எடுத்துக்கினு போவான், தானே பாத்து எடுத்த மாதிரி. இதுக்குப் போயி உங்க அண்ணன் பொஸ்தகம் வாங்கினானா? லீவுல ரெண்டு நாள் இங்க வந்து உக்காந்திருந்தான்னா ஓசியில கத்துக்கினு இருப்பான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்: "வல்லமா பனமலையான்னு என்னைக் கேட்டீங்களே நைனா, அதுல பழைய கயிறு எது?"

லாந்தர் கண்ணாடி கேட்டு ஒருவர் வந்தார், நைனா எடுத்துக் கொடுத்தார். வந்தவர் போனதும் ஆறு சீட்டையும் அடுக்கிக் கவரோடு என்னிடம் கொடுத்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டார்.

"வல்லத்துக்குப் போயி, இது வித்ததான்னு சொல்லிட்டு வரேன். என் பொண்ணு மேல கறுப்புன்னு ஒரு பேச்சு நிக்கக்கூடாது. கடையப் பாத்துக்க."

விண்ணப்பத்துக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. உண்மையைச் சொன்னவளுக்குக் கிடைத்த பலன் இதுதான் என்று என்னையே திட்டிக்கொண்டு, யாருக்கோ கடப்பாரைக்குப் பதில் மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

ஐந்து மணி பஸ்ஸில் திரும்பி வந்தார். வீட்டில் சொம்புத் தண்ணீரை முழுவதும் குடித்து முடிக்கும்வரை நானும் அம்மாவும் அண்ணனும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் அம்மா.

"வித்ததான்னு சொன்னேன். நம்பல. அவங்க வீட்டுல சீட்டுக்கட்டு இருந்துச்சு. வாங்கி நானே செஞ்சி காட்டினேன்."

"நீங்களா?"

"மூணு தடவ. மொதல்ல அந்த அத்தையம்மாவுக்குப் புரியல. அப்புறம் புரிஞ்சிது."

"புரிஞ்சதும் மனசு மாறிடுச்சா?"

"மாறிச்சு." நைனா துண்டால் முகத்தைத் துடைத்தார். "'சகுனம்னாகூட பரவால்லீங்க, ஒரு பூஜயப் போட்டு சரி பண்ணிக்கலாம். எங்க நாலு பேரையும் உக்கார வெச்சி, நாங்களே பாத்துத் தொட்ட மாதிரி தொட வெச்சி, அது நெனச்சத முடிச்சிக்கிச்சே உங்க பொண்ணு, அதுக்கு எந்தக் கோயில்லங்க பூஜ பண்றாங்க'ன்னு கேட்டுச்சு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அழப்போகிறாள் என்று பின்னால் போய்ப் பார்த்தேன். தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே பனமலையும் வராது," என்றார் நைனா கூடத்திலிருந்து. "சேதி போயிருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "அந்தக் காயிதத்த எடுத்துக்கினு வா," என்றார்.

ஓடிப்போய் எடுத்துவந்தேன். பேனாவையும் திறந்து கையில் கொடுத்தேன். அவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்.

"கையெழுத்துக்கு ரெண்டு எடம் விட்டிருக்கானே, எங்க போடணும்?"

"எங்க வேணா போடுங்க நைனா. உங்க இஷ்டம்."

பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். இங்கிலீஷ் வார்த்தை வந்த இடத்திலெல்லாம் என்னைக் கேட்டார். நான் சொன்ன அர்த்தத்தை அண்ணனிடம் சரிதானா என்று கேட்டார். நாலு பக்கமும் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு இரண்டு இடத்திலும் போட்டார்.