செவ்வாயில் மாட்டிய பூட்டு

மூன்று வருடங்களுக்கு முன், கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு பிடுங்கும் சமயத்தில் நடந்தது இது. நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் சமூகப் பணியாளர். பிள்ளைகள் விஷயமாகப் புகார் வந்தால் நேரில் போய் விசாரித்து அறிக்கை எழுதுவது என் வேலை. கூடவே ஒரு கிறுக்கும் உண்டு. அறிவியல் கதை எழுதுவேன். மலை பஸ்ஸில் குலுங்கிக்கொண்டே செவ்வாய் கிரகத்துக்குப் போய்வந்துவிடுவேன். "மேடம், இன்னைக்கு பூண்டியா, புளூட்டோவா?" என்று, நான் அடிக்கடி போகும் பூண்டி ஊரை வைத்து மேலாளர் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது. போய்யா என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அந்தப் புகார் புருஷனை இழந்த ஒரு பெண்ணைப் பற்றியது. நாலு வயது மகளை அவள் சரியாகக் கவனிப்பதில்லை, பிள்ளையை ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்று புருஷனின் அண்ணன் எழுதிக் கொடுத்திருந்தார். பிள்ளை போனால் தாயும் ஊரை விட்டுப் போய்விடுவாள், அவளுடைய பூண்டுக் காடு தன் கைக்கு வந்துவிடும் என்ற நினைப்பு அவருக்கு. அது ஊருக்கே தெரியும்.

முதல் நாளே போய் அந்த ஊரில் தங்கி, விடியும்போது அவள் வீட்டுக்குப் போனேன். அவள் பலகைக் கதவை வெளியே இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே பிள்ளை. காட்டுமாடு வாசல் வரை வந்து நிற்கும் ஊர் அது. பூட்டாமல் போக முடியாது, வேலைக்குப் போகாமல் இருக்கவும் முடியாது. பலகை இடுக்கு வழியாக ஒரு சின்ன விரல் வெளியே வந்தது. அவள் அதை ஒரு தடவை அழுத்திவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அறிக்கையில் அந்தப் பூட்டை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதினால் தாயையும் பிள்ளையையும் பிரித்துவிடுவார்களே என்று பயம். "குழந்தை நல்ல பராமரிப்பில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் அந்த விரல் என்னைத் தூங்கவிடவில்லை. கதையாக எழுதினேன். செவ்வாயில் பூண்டு பயிரிடும் ஒரு தாய், வெளியே இரும்பு மிருகங்கள் அலைவதால் மகளைக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறாள். இடுக்கு வழியாக விரல் வருகிறது. ஒரு பத்திரிகை அதை வெளியிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதோடு விட்டேனா? அந்த ஊர் டீக்கடையிலேயே ஒரு பிரதியைப் பெருமையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். புத்தி கெட்டவள்!

அண்ணன்காரர் மறுபடி புகார் கொடுத்ததால், திண்டுக்கல்லில் குழந்தைகள் நலக் குழு எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தது. அன்று அவர் அதே பத்திரிகையைப் பிரித்தார்.

"செவ்வாயாம், வெங்காயமாம்! இது எங்க ஊரு வீடுங்க. பலகை, இடுக்கு, வெரலு எல்லாம் அப்படியே கெடக்கு. புள்ளைய வெச்சுப் பூட்டுறான்னு இந்தம்மாவே எழுதிருக்கு. ரிப்போர்ட்டுல மட்டும் மறைச்சிருச்சு."

குழுவின் தலைவியம்மா அறிக்கையையும் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டுல எதும்மா பொய்?"

"கற்பனைன்னு சொல்லிட்டு வெரசா கெளம்புங்க மேடம்" என்று கூட வந்திருந்த மேலாளர் காதைக் கடித்தார். சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குக் கோபம் பொங்கியது, முதலில் என் மேலேயே. "கதைதாங்க நிஜம். அறிக்கையில நான் மறைச்சேன். அது என் தப்பு. அவங்க தப்பு இல்ல" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, கடைசியில் நானே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் எழுந்தாள்.

"ஆமாங்க, பூட்டுனேன். நாளைக்கும் பூட்டுவேன். வெள்ளனே ஆறு மணிக்கு நான் காட்டுல நிக்கணும். அங்கன்வாடி பத்து மணிக்குத்தேன் தொறக்குது. நடுவுல நாலு மணி நேரம் புள்ளைய யாரு பாப்பா? இந்தா நிக்கிறாரே பெரியப்பாரு, ஒரு நாளு பாத்திருப்பாரா? கேளுங்க அவருட்ட!"

அண்ணன்காரர் பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

தலைவியம்மா அடுத்த வாரமே ஜீப்பில் ஊருக்கு வந்தார். வழியில் ஒரு காட்டுமாடு மறித்து நிற்க, அரை மணி நேரம் ஜீப்பை விட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளை தாயிடமே இருக்கட்டும், ஆனால் பூட்டு கூடாது, அதற்கு ஒரு வழி செய்யும் பொறுப்பு என்னுடையது என்று முடிவானது. நாயாய் அலைந்தேன். இப்போது அறுவடைக் காலத்தில் ஊர்க் கூடத்தை விடியற்காலையிலேயே திறந்துவிடுகிறார்கள். தாய்மார் முறைவைத்து, ஒரு நாளைக்கு ஒருத்தி வேலைக்குப் போகாமல் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறாள்.

அலுவலகத்தில் எனக்கு இரண்டு தாள் நீட்டினார்கள். ஒன்று எச்சரிக்கை, மற்றது இனிமேல் கதை எழுத மாட்டேன் என்ற உறுதிமொழி. முதல் தாளில் பேசாமல் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவதைத் திருப்பித் தள்ளினேன். "உண்மையை மறைச்சதுக்குத் திட்டுங்க, வாங்கிக்கிறேன். உண்மையைச் சொன்னது கதைதான். அதை விடச் சொன்னா வேற ஆளைப் பாருங்க." ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன், வருடத்துக்கு நாலு கதை எழுதிக்கொண்டு.

கேட்காமல் எழுதியதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அது கெடக்கட்டும், அந்தக் கதைய வாசிங்க" என்றாள். பயந்துகொண்டே வாசித்தேன். பூண்டைக் கட்டிக்கொண்டே கேட்டவள், கடைசி வரியில் நிமிர்ந்தாள்.

"அந்தப் பொம்பள எதுக்கு அழுதுகிட்டே போறா? நான் எப்பங்க அழுதேன்? பொய் எழுதாதீங்க."

அதற்கப்புறம் என் அறிக்கை எதிலும் ஒரு பூட்டுகூட விட்டுப்போனதில்லை. செவ்வாயில் இருக்கும் அந்தத் தாயும், அவளிடம் சம்மதம் கேட்டு நான் எழுதிய அடுத்த கதையில், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் தலைநிமிர்ந்துதான் நடக்கிறாள்.