கம்பு நின்ற இடம்

கொல்லிமலை அடிவாரத்துக் காடுகளில் அந்த வருஷம் பன்றித் தொல்லை பொறுக்க முடியவில்லை. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் நாலு பேர் மதிக்கிற பண்ணையக்காரர் வேலுமணி. ஒரு சாயங்காலம், பொழுது இறங்கும் நேரத்தில், தன் காட்டில் சோளத்தட்டு அசைவதைப் பார்த்தார். கையிலிருந்த தடியை ஓங்கி இறக்கினார். விழுந்தது பன்றியில்லை, அவருடைய பண்ணையாள் சென்றாயன். அவருடைய எருமைக்கன்று காணோமென்று அதைத் தேடித்தான் குனிந்து குனிந்து வந்திருக்கிறான். மறுநாள் கண்ணை மூடிவிட்டான்.

அடி வாங்கும் முன் "நான்தானுங்க" என்று அவன் குரல் கொடுத்திருந்தான். குரலும் அடியும் ஒன்றாகத்தான் வந்தன என்று வேலுமணி சாவடியில் சொன்னார். வீசின கம்பை யாரால் நிறுத்த முடியும் என்று மணியக்காரரே எடுத்துக் கொடுத்தார். கூட்டம் தலையாட்டியது. பெரிய வீட்டு விவகாரமென்றால் அந்தக் கூட்டத்துக்குத் தலை தானாகவே ஆடும். சென்றாயன் பெண்டாட்டி அங்காளம்மாள் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கூட்டம் கலையும் முன்னே வீட்டுக்குப் போய்விட்டாள்.

குரல் கேட்டபோது தடி இன்னும் தலைக்கு மேலேதான் இருந்தது. அது வேலுமணிக்கு மட்டும் தெரியும். கேட்டுத்தான் என்ன, ஓங்கியது ஓங்கியதுதானே, என் கையிலா இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதை நம்பினால்தான் சோறு இறங்கியது. ஆனாலும் காற்றில் சோளத்தட்டு சலசலத்தால் போதும், பிடரிக்குப் பின்னால் "நான்தானுங்க" என்று கேட்கும். திரும்பிப் பார்ப்பார், யாரும் இருக்க மாட்டார்கள். கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும்போது கேட்டது. பேரன் காதுகுத்துப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் கேட்டது.

அடுத்த மாரியம்மன் நோம்பியில் சிலம்பம் நடந்தது. சென்றாயனின் தம்பி சடையன்தான் சிலம்ப வாத்தியார். எதிரில் நின்றவன் உச்சந்தலைக்கு விர்ரென்று இறங்கிய அவன் கம்பு, முடியைத் தொட்டும் தொடாமலும் அப்படியே நின்றது. ஜனம் சீட்டியடித்தது. வேலுமணி முன்வரிசைக்கு நகர்ந்து வந்து பார்த்தார். வீசின கம்பு நிற்கிறதே!

மறுவாரமே சடையனிடம் போய், தனக்கும் கற்றுத்தரச் சொன்னார். நரைத்த மீசையோடு கம்பு சுற்றப் போகிறாராம் என்று ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவர் போனது கற்றுக்கொள்ள அல்ல. இறங்கும் கம்பை நிறுத்துவது வித்தைக்காரன் கைக்கு மட்டுமே வரும், தன்னைப் போன்றவன் கைக்கு வராது என்று தெரிந்துகொள்ளப் போனார். தோற்றுவிட்டால் நிம்மதி. சடையன் அவருடைய நிலத்தில் பாடுபடுகிறவன், முடியாதென்று சொல்ல அவனுக்கு வழியில்லை. அண்ணன் குடிசையும் தன் குடிசையும் இருந்த வாசலில், மற்றப் பையன்களோடு நிறுத்தி, அவர் முகத்தைப் பார்க்காமலே சொல்லிக் கொடுத்தான்.

முதல் மாதங்களில் கையில் கம்பே இல்லை, கால்தான். முன்னே வை, பின்னே வாங்கு, சுற்றித் திரும்பு. அடிப்பதைக் கற்றுத்தருவான் என்று வந்தவருக்கு இது ஆச்சரியமாக இருந்தது. பாடம் முடிந்து பார்த்தால், புழுதியில் அவர் காலடிகள் வாசல் கோலம் போல வளைந்து கிடக்கும். கம்பு கைக்கு வந்த பிறகு, எப்போதாவது ஒரு சுற்று சரியாக அமைந்து காற்றில் ஒரே சீராக ஒலிக்கும். அந்த நேரத்துக்குப் பிடரிக் குரல் அடங்கியிருக்கும். சந்தோஷமாக இருக்கும். உடனே வெட்கம் பிடுங்கித் தின்னும். ஓர் உயிரை எடுத்த கைக்கு இவ்வளவு அழகு எதற்கு என்று நினைப்பார். மற்றபடி கம்பு அவர் சொன்ன பேச்சைக் கேட்காது. தன் முழங்காலிலேயே அடித்துக்கொள்வார். வலித்தாலும் உள்ளுக்குள் ஓர் ஆறுதல், இந்தக் கை எதையும் நிறுத்தாது.

ஒரு நாள் காலையில் சடையன் மேல்வீச்சு பழக்கிக்கொண்டிருந்தான். முழு வேகத்தில் வீசச் சொன்னான். வேலுமணி பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிச் சுழற்றி இறக்கினார். அதே நேரம் குடிசை மறைவிலிருந்து அங்காளம்மாள் தண்ணீர்க் குடத்தோடு திரும்பி, நேரே கம்புக்குக் கீழே வந்துவிட்டாள்.

கம்பு நின்றது.

அவள் நெற்றிக்கு ஒரு விரற்கடை மேலே, காற்றில், ஆடாமல் நின்றது. குடத்துத் தண்ணீர்கூடத் தளும்பவில்லை. வேலுமணி தன் கையையே பார்த்தார். அது வேறு யாருடைய கையோ போலிருந்தது.

சடையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்குத்தான் முதல்முதலாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"நல்லா நிறுத்திப்போட்டீங்க. அந்தப் பாடம் நான் இன்னும் சொல்லியே குடுக்கலீங்களே."

கூட இருந்தவர்களும் பலே என்றார்கள். வேலுமணிக்குச் சடையனின் கடைசி வார்த்தைதான் தைத்தது. யாரும் கற்றுத்தராமலே நின்றிருக்கிறது. அப்படியானால் அன்றைக்கும் நின்றிருக்கும். பன்றியில்லை, ஆள் என்று தெரிந்த பிறகும் அது இறங்கியதென்றால், ஆள் யார் என்று தெரிந்ததால்தானோ? சொந்தக்காரன் குரலாக இருந்திருந்தால் இறங்கியிருக்குமா? இந்தக் கேள்வி அதுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை. கம்பை நழுவவிட்டார்.

"மொதல்லயே கேட்டுது, அங்காளம்மா. அடிக்கறதுக்கு முன்னாலயே அவன் கொரல் கேட்டுது."

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

"அதச் சொல்ல வேண்டாமுங்க. இப்பத்தான் என் கண்ணால பாத்தனுங்களே."

சொல்லிவிட்டு அவள் தண்ணீரோடு உள்ளே போனாள். சடையன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. கீழே கிடந்த கம்பை அவன் எடுத்து நீட்டவில்லை.