பத்தியம் இல்லாத மருந்து

கொத்தவரங்காய் பறித்துக்கொண்டிருந்தபோதுதான் முதல் தடவை ரத்தம் வந்தது. நிறைய இல்லை. வெற்றிலை எச்சில் போல இலை மேல் கொஞ்சம். நான் வெற்றிலை போடுகிறவள் இல்லை. காலால் மண்ணை இழுத்து மூடிவிட்டு அடுத்த பாத்திக்குப் போனேன். சந்தைக்குப் போகிற வண்டி எனக்காக நிற்காது என்ற கவலைதான் அப்போது பெரிதாக இருந்தது.

இருமல் அதற்கு முன்பே வந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் உடம்பு காயும். வளையல் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரைக்கும் ஓடியது. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்து, இன்றைக்கு நீங்கள் ஏதாவது ஆஸ்பத்திரி வராந்தாவில் எக்ஸ்ரே படத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தால், இது உங்களுக்கு. ஆறுதல் சொல்ல எனக்கு வராது. பொறுமையும் கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது பழனி பக்கத்துப் பாலசமுத்திரம். வாழ்க்கைப்பட்டது திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு தோட்டத்து வீட்டில். வீட்டுக்காரர் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்த்தார். காய்கறித் தோட்டத்தை நானும் மாமியாரும்தான் பார்த்துக்கொண்டோம். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எட்டாவது வரை படித்தவள் என்பதால் வீட்டுக்கு வரும் கடுதாசி, ரேஷன் அட்டை எல்லாம் என் பொறுப்பு. ஒரு இடத்தில் உட்காரமாட்டேன். “இவ கால் தரையிலயே பாவாது” என்று அத்தை பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் சொல்வார். பெருமையா குறையா என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தார்கள் (கிருமி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் சோதனை). பெரிய டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வலது பக்கம் மேலே விரலை வைத்தார். அங்கே ஒரு குழி (கிருமி நுரையீரலை அரித்து உண்டாக்கிய பொந்து) இருந்தது. சயம், காச நோய் என்றார். சானடோரியத்தில் (காச நோயாளிகளை மாதக்கணக்காகத் தங்கவைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரி) இடம் கேட்டு எழுதுகிறேன், இடம் வரும்வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும், பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது, பக்கத்திலேயே விடக் கூடாது என்றார்.

பிள்ளை தனம் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். பல் இரண்டு வந்திருந்தது.

அடுத்த நாளே பாலசமுத்திரத்திலிருந்து அக்கா வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். “நீ ஒண்ணும் நெனைக்காத கண்ணு, எம்புள்ள மாதிரி பாத்துக்கறேன்” என்றாள். அவள் பிள்ளையாகவே ஆகிவிடுமோ என்றுதான் நான் நினைத்தேன். பஸ் திரும்புகிற வரைக்கும் பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை, அக்கா கழுத்து மணியைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

பால் கட்டிக்கொண்டது. அது வற்றுவதற்காக அத்தை மல்லிகைப் பூவை அள்ளி வந்து மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கும் அதைத்தான் செய்வார்கள். கட்டை அவிழ்க்கிறபோதெல்லாம் வாடின மல்லி வாசனை முகத்தில் அடிக்கும். என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள், எனக்கு எதற்கு இது என்று அத்தையிடம் கத்தினேன். அவர் புதுப் பூ வைத்துக் கட்டினார்.

படுத்துக் கிடப்பது எனக்கு நோயைவிடக் கொடுமை. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்கும், எத்தனை வாளி என்று மனசு எண்ணும். வெண்டை முற்றிப்போகிறதே என்று எழுந்து வாசல் வரைக்கும் போவேன். “ஏத்தா, படு” என்று அத்தையின் குரல் வரும். சானடோரியத்திலிருந்து பதில் வரவில்லை. வந்தால் போக வேண்டும், வராவிட்டால் சாக வேண்டும் என்று எனக்குள்ளே ஒரு கணக்கு. இரண்டிலும் தனம் இல்லை.

இந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரிக்குச் சின்ன வயசு டாக்டர் ஒருவர் மாற்றலாகி வந்தார். சென்னையில் படித்தவர். என் படத்தை இரண்டாம் தடவை பார்த்துவிட்டு, “எதுக்கும்மா சானடோரியம்? வீட்டுலயே இருந்து மருந்து சாப்பிடுங்க” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இடம் இல்லை என்பதை இனிப்புத் தடவிச் சொல்கிறாரோ என்று பட்டது. கேட்டும் விட்டேன்.

அவர் சிரித்தார். “மெட்ராஸ்ல ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்கம்மா. நோயாளிங்கள்ல ஒரு பாதிய சானடோரியத்துல வச்சாங்க, ஒரு பாதிய அவங்கவங்க வீட்டுலயே விட்டாங்க. எல்லாருக்கும் ஒரே மருந்து. அங்க கட்டில், ஓய்வு, நல்ல சாப்பாடு. இங்க நெருக்கடியான வீடு, கெடச்ச கஞ்சி. வருஷக் கடைசில பாத்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கொணமாயிருக்கு. வேலை செய்யறது மருந்துதான், கட்டில் இல்ல.”

“வீட்டுல பிள்ளைங்க இருந்துச்சா?” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பக் கேட்டேன்.

“இருந்துச்சு. சானடோரியத்துக்குப் போனவங்க வீட்டுப் பிள்ளைகளைவிட இவங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு நோய் அதிகமா வரல. பரவறது பெரும்பாலும் மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடிதான். நிறுத்தாம சாப்பிட்டா உங்க பிள்ளையும் உங்களோட இருக்கலாம்.”

அத்தையும் கூட வந்திருந்தார். இப்போது ஒன்றே ஒன்று கேட்டார். “பத்தியம் என்னங்கய்யா?”

“பத்தியமே கெடையாது. எல்லாம் சாப்பிடலாம்.”

“கருவாடு?”

“சாப்பிடலாம்.”

“கத்திரிக்கா?”

“தாராளமா.”

அத்தையின் முகம் அதோடு மூடிக்கொண்டது. வெளியே வந்து மரத்தடியில் நின்று சொன்னார்: “பத்தியம் இல்லாத மருந்து ஒரு மருந்தா சரசு? இந்தப் பையனுக்கு ஒண்ணுந் தெரியல.” சென்னை ஆராய்ச்சி முழுவதும் ஒரு கத்திரிக்காயில் விழுந்துவிட்டது.

மருந்து இரண்டு. ஐ.என்.எச். என்று ஒரு சின்ன மாத்திரை, அதனால் தொந்தரவில்லை. இன்னொன்று பாஸ் என்கிற பொடி. அதை மெல்லிய உறையில் மடித்துத் தருவார்கள். ஒரு வேளைக்கே கைநிறைய விழுங்க வேண்டும். குமட்டும், வயிறு போகும், வாயெல்லாம் கசப்பு. வருஷம் முழுவதும் தினமும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “வருசம் பூராம் திங்கிறதுக்கு அது மருந்தா, சோறா?” என்றார் அத்தை. அவராகவே ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் என்று முடிவு கட்டிக்கொண்டார். பத்தியமும் அவரே வைத்தார்: கத்திரிக்காய், கருவாடு, பூசணி எதுவும் என் தட்டுக்கு வராது. மிளகு ரசமும் சோறும். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ற பேச்சே இல்லை. நோய் இறங்கும்வரை பிள்ளையும் வீட்டுக்கு வரக் கூடாது என்றுவிட்டார்.

அப்படியும் உடம்பு தேறியது. முதலில் காய்ச்சல் விட்டது. பிறகு இருமல் குறைந்தது. வளையல் பழையபடி மணிக்கட்டிலேயே நின்றது. ஒருநாள் யாருக்கும் தெரியாமல் இரண்டு வாளி தண்ணீர் இறைத்துப் பார்த்தேன், மூச்சு வாங்கவில்லை.

மண்டலம் முடிந்ததும் அத்தை நாள் பார்த்தார். நோய் இறங்கினவர்களுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வீட்டில் பெரிய காரியம். அம்மை என்றாலும் விஷக்காய்ச்சல் என்றாலும் அந்தக் குளியலோடு நோய் முடிந்தது. அதற்குப் பிறகு மருந்தைத் தொடக் கூடாது. தொட்டால் போன நோயை வா என்று கூப்பிடுகிற மாதிரி. அத்தை பாலசமுத்திரத்துக்கும் சொல்லி அனுப்பிவிட்டார், அன்றைக்கே பிள்ளையைக் கொண்டு வந்துவிடச் சொல்லி.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் சிரிக்கவில்லை. “இப்ப நிறுத்தினா மிச்சம் இருக்கற கிருமி எந்திரிச்சுக்கும். அடுத்த தடவை இந்த மருந்துக்கு அது அடங்காது. பாதில விட்டவங்களத்தாம்மா நாங்க பறிகொடுக்கறோம்” என்றார். குளியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. குளித்துவிட்டு மருந்தைச் சாப்பிடுங்கள் என்றார். அவருக்கு எங்கள் வீடு தெரியாது.

வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். “ஊத்திக்க. அப்புறம் மறைவாத் தின்னுக்க. அம்மாவுக்கு எங்க தெரியப் போகுது?” அந்தப் பொடியை மறைக்க முடியுமா? தின்றால் வாந்தி, தின்றால் கொல்லைக்கு ஓட்டம். ஒற்றை அறையும் தாழ்வாரமும் உள்ள வீடு. அதோடு, மறைத்து வைக்கிற வாய் எனக்குக் கிடையாது. அத்தை கண்டுபிடித்தால் நோயைத் திரும்ப அழைத்தவள் என்று பிள்ளையை ஒரேயடியாக அனுப்பிவிடுவார். குளித்தால் பிள்ளை கைக்கு வரும், மருந்து போகும். குளிக்காவிட்டால் மருந்து இருக்கும், பிள்ளை வராது. அன்று முழுவதும் வரப்பில் நடந்தேன். ஒரு வேலையும் செய்யவில்லை, சும்மா நடந்தேன்.

அந்த நாள் வந்தது. அத்தை விடியும்போதே அண்டாவில் வெந்நீர் வைத்தார். வேப்பிலை, மஞ்சள், அரப்பு எல்லாம் கரைத்து வைத்திருந்தார். வெயில் ஏறும்போது அக்கா வந்தாள், இடுப்பில் தனம். நடக்கக் கற்றிருந்தாள். இறக்கிவிட்டதும் கோழிக்குப் பின்னால் தத்தித்தத்திப் போனாள். கன்னம் உப்பி, நிறம் வந்து, நான் கொடுக்காத யாரோ ஒருவரின் சோற்றில் வளர்ந்திருந்தாள்.

“வா தாயி, பலகைல உக்காரு. செத்த நேரந்தேன்” என்றார் அத்தை. கையில் செம்பு.

உட்கார்ந்து எழுந்தால் அவளைத் தூக்கலாம். என் கை இரண்டும் தானாகவே முன்னால் வந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தக் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு சொன்னேன்: “தண்ணி ஊத்த வேணாம் அத்தை. நோவு இன்னும் போகல. உள்ளதான் இருக்கு. மருந்த நிறுத்தினா நான் செத்துருவேன். அவ பெரியம்மாகிட்டயே இருக்கட்டும்.”

அக்கா, “ஏம் புள்ள, பாத்துப்போட்டுமா இப்படிச் சொல்ற?” என்று அழுதாள். பார்த்ததால்தான் சொன்னேன். அத்தை செம்பை அண்டாவுக்குள் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். மத்தியான பஸ்ஸில் அக்கா பிள்ளையோடு திரும்பிவிட்டாள். ஆறின வெந்நீரை நான்தான் வாழைக்கு ஊற்றினேன். அன்றைக்கு அழுத அழுகையில் நெஞ்சு வலித்தது, அது நோயோ என்று அதற்கும் பயந்தேன்.

இரண்டு மூன்று நாள் அத்தை என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு காலையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் கிளம்பினார். பொழுது இறங்கும்போது வந்தார். தோளில் தனம் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் பிள்ளையை என் கையில் போட்டார். “டாக்டரு சொன்னத நான் நம்பலத்தா. மெட்ராசுக்காரன் சொன்னதையும் நம்பல. பெத்தவ ஒருத்தி, கண்ணு முன்னால பிள்ளைய வச்சுக்கிட்டு வேணாமுன்னு சொல்றான்னா, அம்புட்டு பலம் அந்த மருந்துல இல்லாமயா சொல்லுவா? தின்னு. வருசம் பூராம் தின்னு. நான் எடுத்துத் தாரேன்” என்றார். அன்று இரவுச் சோற்றில் கத்திரிக்காய்க் குழம்பு இருந்தது.

மருந்தை ஒரு வருஷம் சாப்பிட்டேன். சில நாள் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பச் சாப்பிட்டேன். நோய் குறைந்தபின் சாப்பிடுவதுதான் கஷ்டம், அதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். வலி இருக்கும்போது மருந்து தானாக உள்ளே போகும். ஒன்றும் இல்லாத உடம்பில் தினமும் அந்தக் கசப்பை ஏற்றுவதற்குத்தான் வைராக்கியம் வேண்டும். கடைசிச் சோதனையில் கிருமி இல்லை. படத்தில் குழி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு மட்டும் இருந்தது. போதும் என்றார் டாக்டர்.

ஆனால் அந்த வருஷம் முழுவதும் ஒன்று நடந்தது, அதை எந்த டாக்டரிடமும் நான் சொன்னதில்லை. பிள்ளை பக்கத்தில் வந்தால் என் முகம் தானாகத் திரும்பிக்கொள்ளும். தூக்குவேன், குளிப்பாட்டுவேன், சோறு ஊட்டுவேன், மூச்சை மட்டும் அவள் பக்கம் விடமாட்டேன். பிள்ளையோடு இருக்கலாம் என்று ஆராய்ச்சி சொன்னதை என் தலை ஒத்துக்கொண்டது, மூச்சு ஒத்துக்கொள்ளவில்லை. மருந்து முடிந்தும் அது போகவில்லை. முன்னெல்லாம் நாள் எனக்குப் பின்னால் ஓடி வரும். இப்போது ஒவ்வொரு மூச்சும் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து விடுகிறேன், அதற்கே பொழுது சரியாக இருக்கிறது. பரபரப்பு கால்களிலிருந்து நெஞ்சுக்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

ஆடிக் காற்றில் ஒருநாள் தனம் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கண்ணில் தூசி. வழக்கமாக அத்தையைக் கூப்பிட்டுவிடுவேன். அத்தை சந்தைக்குப் போயிருந்தார். “கசக்காதடி” என்று கையைப் பிடித்தேன். அவள் முகத்தை நிமிர்த்தி, இமையை அவளே விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வாய்க்குக் கீழே நின்றாள்.

“ஊதும்மா.”

நான் அசையவில்லை.

“கரிக்குதும்மா, ஊது.”

ஊதினேன். தூசி வரவில்லை. இன்னொரு தடவை ஊதச் சொன்னாள்.