ஊசிமிளகாயின் கைராசி

அந்தத் தெருவில் தையல்கடை வைத்திருந்தவளுக்கு ஊசிமிளகாய் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. அதைக் கூப்பிட ஆள் இல்லை. ஒல்லியாக, குள்ளமாக இருப்பாள். வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவருக்குக் காது எரியும். "சட்டை எப்பக்கா கிடைக்கும்?" என்று கேட்டால், "தைச்சதுக்கப்புறம்" என்பாள். இரண்டாவது தடவை கேட்க யாருக்கும் துணிச்சல் வராது.

மாடித் தொட்டியில் மிளகாய் வளர்க்காத வீடு அங்கே கிடையாது. மிளகாயைக் கையோடு கை மாற்றினால் சண்டை வரும், கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பார்கள். சிரித்த முகத்தோடு நாற்று நட்டால் காய் சப்பென்று போகும்; கோபக்காரர் நட்டால்தான் உச்சி மண்டை வரை உறைக்கும் என்றும் ஒரு நம்பிக்கை. அப்புறம் கேட்க வேண்டுமா? நாற்று வாங்கியவர்கள் எல்லாம் நேரே தையல்கடைக்கு வந்து நின்றார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். மிடுக்காக நடந்துபோய் நட்டுவிட்டு வருவாள்.

ஒரு மத்தியானம், அளவு பார்க்கும் திரைக்குப் பின்னால் குனிந்து, சிதறிய குண்டூசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் பேக்கரிக்காரரும் மருந்துக்கடைக்காரர் மனைவியும் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"சும்மா கூட்டிட்டுப் போகாதீங்க. முதல்ல நல்லாச் சீண்டி விடணும். போன தடவை பேன்ட்டுல ஒரு கால் குட்டைன்னு சொன்னேன். ரெண்டு தடவை பிரிச்சுத் தைச்சா. என்னா கோபம்! அந்த வருஷம் காயைக் கடிக்கவே முடியலை" என்றார் பேக்கரிக்காரர்.

"நிஜமாவே குட்டையா?"

"அட, அளவெடுத்த மாதிரி இருந்துச்சு!"

திரைக்குப் பின்னால் ஊசிமிளகாய் பல்லைக் கடித்தாள். பிரித்துத் தைத்த அந்த இரண்டு ராத்திரியும் கண்ணுக்குள் வந்தன. வெளியே பாய்ந்திருப்பாள், ஆனால் அதற்குள் வேறொரு யோசனை வந்து, அவளுக்கே சிரிப்பு முட்டியது.

வெளியே வந்து, "இந்த வருஷம் நாத்தை நானே கொண்டு வர்றேன். உங்க கை பட்டா காரம் இறங்கிடும்" என்றாள். தெருக்கோடிச் செடிக்கடைக்காரரிடம் போய்க் குடைமிளகாய் நாற்றாகப் பார்த்து வாங்கினாள். இலையைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கும் ஆள் அந்தத் தெருவில் இல்லை. மாடி மாடியாக ஏறி, மண்ணைத் திட்டி, தொட்டியைத் திட்டி, பேக்கரிக்காரரின் பரம்பரையையே ஒரு பிடி பிடித்து நட்டுவிட்டு வந்தாள்.

காய் வந்தது. குழந்தை கன்னம் மாதிரி கொழுகொழுவென்று வந்தது. பேக்கரிக்காரர் ஒன்றை முழுதாகக் கடித்துத் தின்றுவிட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

வாய்தான் திட்டுகிறது, உள்ளே அவளிடம் கோபம் தீர்ந்துவிட்டது, அதனால்தான் காய் இப்படி ஊதிப்போனது என்று தெருவே முடிவு கட்டியது. இதை ஊசிமிளகாய் எதிர்பார்க்கவில்லை. பயம் போனதும் கடையில் கூட்டம் கூடியது. "என்னக்கா, இன்னும் பட்டன் வைக்கலையா?" என்று ஒருத்தி மேசை மேலேயே ஏறி உட்கார்ந்தாள். மருந்துக்கடைக்காரர் மனைவி, "பாவம், வயசாகுதில்ல" என்று சத்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள்.

பொறுக்க முடியாமல் உண்மையைப் போட்டு உடைத்தாள். "அது குடைமிளகாய்! நான்தான் மாத்தி நட்டேன்!"

பேக்கரிக்காரர் பரிவோடு தலையாட்டினார். "விடுங்கம்மா. காரம் போனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? மறைக்கிறதுக்குக் கதை எல்லாம் எதுக்கு?"

அவ்வளவுதான். கத்தரிக்கோல் ஒரு பக்கம், அளவு நாடா ஒரு பக்கம் பறந்தது. அவள் போட்ட சத்தத்தில் மேசை மேல் இருந்தவள் தானாகக் கீழே இறங்கினாள். பேக்கரிக்காரர் மட்டும் முகமெல்லாம் மலர, "வந்துடுச்சு! ஆறிப்போறதுக்குள்ள நட்டுடுங்க!" என்று தெருக்கோடிக்கு ஓடி, இருப்பதிலேயே காரமான ரக நாற்றோடு மூச்சிரைக்க வந்தார். அவள் கையில் கொடுக்காமல், மறக்காமல் தரையில் வைத்தார்.

அந்தச் செடியின் முதல் காயைக் கடித்தவர், இரண்டு நாள் பேக்கரியைத் திறக்கவில்லை. அதன்பின் தையல்கடையில் யாரும் "எப்ப?" என்று கேட்கவில்லை.

ஊசிமிளகாய்க்கே சந்தேகம் வந்துவிட்டது. செடிக்கடைக்காரரைத் தனியாகப் பிடித்து, "அண்ணே, நிஜத்தைச் சொல்லுங்க. என் கைதானா?" என்று கேட்டாள்.

"அந்த ரகத்தைத் தூங்குற பூனை நட்டாலும் எரியும்மா. ஆனா வெளியில சொல்லிடாதீங்க. உங்களைக் கூப்பிடலாம்னுதான் எல்லாரும் என்கிட்ட நாத்து வாங்குறாங்க."

"எனக்கென்ன பைத்தியமா?" என்றாள் ஊசிமிளகாய்.